பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தொழுநோயால் சிதைந்த கை, கால், முகம் ஆகியவற்றை அறுவை மருத்துவத்தால் சீரமைப்பதில் முன்னோடியாக விளங்கிய மருத்துவர் ஆவார். இந்நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலியுணர்வு அற்றுப்போவதால் நேரும் காயங்களாலேயே அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டியவர்.

வாழ்க்கைக் குறிப்பு

தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பணியாற்றிய ஆங்கிலேய மதப்பணியாளர்களான ஜெசி, எவ்லின் இணையருக்குப் பிறந்தார். ஒன்பதாம் அகவையில் கல்விக்காக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் மருத்துவம் பயின்று, 1943 இல் மருத்துவர் மார்கரெட்டை மணந்தார். 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

செங்கல்பட்டில் திருப்பம்

1947 இல் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பின் பேரில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவர் தம் கையைப் பற்றியபோது, அப்பிடி மிகவும் வலுவாக இருப்பதை உணர்ந்தார். சில தசைகளே செயலிழக்கின்றன, ஏனையவை நலமாக உள்ளன என அறிந்து, நலமான தசையின் நாணை விரல்களுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவையை 1948 இல் வேலூரில் தொடங்கினார்.

முகச் சீரமைப்பு

சல்போன் மருந்துகள் நோயைக் குணப்படுத்திய பின்னரும் அமுங்கிய மூக்கு, உதிர்ந்த புருவம், தடித்துத் தொங்கும் காதுமடல் ஆகியன நோயின் அடையாளமாக எஞ்சின. இதனால் குணமடைந்தவர்களுக்கும் வேலை கிடைக்கவில்லை, ஊரும் ஏற்கவில்லை. எனவே முகத்தைத் திருத்துவது வெறும் அழகுக்கானதன்று, வாழ்வுரிமைக்கானது எனப் பிராண்ட் கருதினார். மூக்கின் உட்புறம் ஒட்டு வைத்து அதனை உயர்த்துதல், முடியுள்ள தலைத்தோலைக் கொண்டு புருவம் அமைத்தல் போன்ற முறைகள் கையாளப்பட்டன. காதுமடலை வெட்டிச் சிறிதாக்குவதும் தொழுநோய்ச் சீரமைப்பு அறுவைகளுள் ஒன்றாகும். மார்கரெட், நோயாளிகளின் கண்பார்வையைக் காக்கும் சிகிச்சையில் சிறப்புப் பெற்றார்.

மறுவாழ்வுப் பணி

வேலூரில் பிராண்ட் நிறுவிய நவஜீவ நிலையத்தில் நோயாளிகள் கைத்தொழில் பயின்றனர். இரவில் சிலரது விரல்கள் காணாமற்போவதை ஆராய்ந்தபோது, வலியறியாது உறங்குபவர்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. அதன்பின் அவர்களுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

பிற்காலம்

1960 இல் லாஸ்கர் விருது பெற்றார். 1966 இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்விழந்த பாதங்களைக் காக்க அவர் வகுத்த முறைகள் நீரிழிவு நோயாளிகளுக்கும் பயன்பட்டன. 2003 இல் சியாட்டிலில் காலமானார்.