நாடகத் தந்தையும் நாடக உரிமையும்

தமிழ் நாடகத் தந்தை என்று பம்மல் சம்பந்த முதலியாரைப் போற்றாதார் இலர். ‘மனோகரா’ என்னும் பெயரைக் கேட்டறியாத தமிழரைக் காண்டலும் அரிது. அவர் இயற்றிய நாடகங்கள் ஏறத்தாழத் தொண்ணூறு. அவற்றின் சுவை பற்றியும் நடை பற்றியும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். யான் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் வேறு. சபை மேடையில் நடித்தமைக்கு ஊதியம் என்று ஒரு காசும் பெறாத அப்பெரியார், தம் நாடகத்தைப் பிறர் ஆட விரும்பினால் முன்னதாகத் தம் அனுமதியைப் பெறவேண்டும் என்றும், அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தவேண்டும் என்றும் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்தார். தாம் அச்சிட்ட நாடக நூல்களிலும் அந்த நிபந்தனையைப் பொறித்தார். விருப்பத்துக்காக ஆடியவர் உரிமைக்காக வாதாடியது முரண்பாடு அன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். அவர் வரலாற்றை ஊன்றி நோக்கினால் அது முரண்பாடு அன்று என்பது விளங்கும்.

முதலியார் 1873ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தார். பம்மல் என்பது அக்காலத்திற் பல்லாவரத்தை அடுத்த சிற்றூராக இருந்தது. தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித்துறையிற் பணி செய்தவர். தமிழ் நூல்களை வெளியிட்டவர். நூல்களுக்கு நடுவே வளர்ந்த சிறுவருக்கு ஆங்கில நாடகங்களிற் பற்று மிகுந்தது. தமிழ் நாடகத்தின்மீதோ வெறுப்பே நிறைந்திருந்தது. அக்காலத்து நாடகம் விடிய விடிய நடக்கும். கதை ஒருபுறம் கிடக்கப் பாட்டு மறுபுறம் ஓடும். நடிகர் இடையிடையே தம் மனம்போனபடி பேசுவர். கூத்தாடி என்னும் சொல்லே வசையாக வழங்கிய காலம் அது. கற்றோர் வீட்டுப் பிள்ளை ஒருவன் முகத்தில் அரிதாரம் பூசினால் குலத்துக்கு இழுக்கு என்றனர்.

இந்த வெறுப்பை ஒரு தெலுங்குக் குழு மாற்றியது என்பது வியப்புக்குரியது. 1891இல் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து நாடகங்கள் நடத்தினர். அச்சபையின் தலைவர் தருமவரம் இராமகிருஷ்ணமாச்சாருலு, தொழிலால் வழக்கறிஞர். கற்றோரும் உத்தியோகத்தரும் வெட்கமின்றி வேடம் புனைந்து நிற்பதைக் கண்ட பதினெட்டு வயது இளைஞருக்குக் கண் திறந்தது. அவ்வாண்டு ஜூலை மாதம் முதலாம் நாள் நண்பர் சிலரைக் கூட்டிச் சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். அங்கத்தினர் சந்தா கொடுத்துச் சேர்வர். ஓய்வு நேரத்தில் ஒத்திகை பார்ப்பர். ஆடுவதற்குக் கூலி வாங்கார். தேசபக்தர் சத்தியமூர்த்தி போன்றோரும் பிற்காலத்தில் அச்சபை மேடையேறினர் என்றால், கூத்தாடி என்னும் வசை எவ்வளவு விரைவில் உதிர்ந்தது என்பதை அன்பர்கள் உணரலாம்.

சபை இருந்தது, ஆடுவதற்கு நாடகம் இல்லை. ஆகவே முதலியார் தாமே எழுதலானார். இவ்விடத்தில் அவர் தொழிற்றிறத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பாட்டைக் குறைத்தார், உரைநடை உரையாடலை நாடகத்தின் முதுகெலும்பு ஆக்கினார். சபையில் யார் யார் உளர், யாருக்கு எந்த வேடம் பொருந்தும், யார் குரல் எவ்வளவு தாங்கும் என்பவற்றை அறிந்து அதற்கேற்பப் பாத்திரங்களை வகுத்தார். கதாநாயகி வேடத்துக்கு அவருடைய ஆருயிர் நண்பர் ரங்கவடிவேலு வாய்த்தார். ஆண்களே பெண் வேடம் தாங்கிய அந்நாளில், முதலியாரும் ரங்கவடிவேலுவும் இணைந்து தோன்றிய காட்சிகளைக் காணவே மக்கள் திரண்டனர். உருவம் கொடுக்க ஆள் இன்றி எழுதப்படும் பாத்திரம் ஏட்டிலேயே கிடந்து உலரும். புலவர்கள் எழுதி எவரும் ஆடாத நாடகங்கள் பலவற்றை யான் படித்திருக்கிறேன். மீண்டும் படிக்க மனம் எழவில்லை.

‘மனோகரா’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. புருஷோத்தமன் என்னும் அரசன் வசந்தசேனை என்பாளின் மயக்கிற் பட்டுப் பட்டத்தரசி பத்மாவதியை ஒதுக்குகிறான். மகன் மனோகரன் வாள்வலி மிக்கவன். ஆயினும் தாய் இட்ட ஆணைக்குக் கட்டுப்பட்டுக் கையை மடக்கி நிற்கிறான். சங்கிலியாற் பிணிக்கப்பட்ட அவன் தாயின் சொல் விடுதலை தந்ததும் அதனை அறுத்தெறியும் காட்சியைத் தமிழ் மேடை நெடுங்காலம் மறக்கவில்லை. இக்கதை எந்தப் புராணத்திலும் இல்லை; முழுதும் முதலியாரின் கற்பனை. இதனை நினைவிற் கொள்க. உரிமை பற்றிப் பேசுமிடத்து மீண்டும் தேவைப்படும்.

முழுதும் கற்பனையாகவே அவர் எழுதினார் என்பதும் இல்லை. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ அவர் கையில் ‘அமலாதித்தன்’ ஆயிற்று. ‘மக்பெத்’ ‘மகபதி’ ஆயிற்று. ‘வெனிஸ் வணிகன்’ ‘வாணீபுர வணிகன்’ ஆயிற்று. ‘சிம்பலின்’ என்னும் நாடகத்துக்கு அவர் இட்ட பெயர் ‘சிம்ஹளநாதன்’. பிரித்தானிய மன்னன் ஒலியொற்றுமையால் நம் தீவின் பக்கம் வந்து சேர்ந்தான்! ‘சந்திரஹரி’ என்றொரு நாடகமும் உண்டு. பொய்யே பேசாத அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி, மெய்யே பேசாத ஒருவனைப் படைத்து நகைக்க வைத்தார். அரிச்சந்திரன் எல்லோருக்கும் பொது; அவனைக் கவிழ்த்த கை முதலியாருடையது.

இனி நம் கொழும்புக்கு வருவோம். 1911இல் சுகுண விலாச சபையார் கடல்கடந்து இங்கு வந்து நாடகங்கள் நடத்தினர். மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டிலேயே. சிங்கள மேடையில் அக்காலத்து நூர்த்தி நாடகங்களை எழுதிப் புகழ்பெற்ற ஜோன் டி சில்வாவும் முதலியாரைப் போலச் சட்டம் கற்றவரே. சென்னைச் சபையாரின் நடிப்பைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவர்களுள் க. சொர்ணலிங்கம் என்னும் யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர். அவரே பிற்காலத்திற் கலையரசு எனப் புகழ்பெற்றவர். முதலியாரைக் குருவாகக் கொண்டார். 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையும், 1914இல் யாழ்ப்பாணத்திற் சரசுவதி விலாச சபையும் எழுந்தன. பெயர்களிலேயே தாய்ச்சபையின் சாயலைக் காணலாம். ‘வாணீபுர வணிக’னில் வட்டிக்கடைக்கார யூதனுக்குப் பதிலாக அமைந்த ஷாம்லால் வேடம் சொர்ணலிங்கத்துக்குப் பெரும்புகழ் தந்தது. தம் அனுபவங்களை அவர் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்னும் நூலாக எழுதி வைத்தமை நாம் செய்த பேறு.

சென்னையில் எழுதிய நாடகம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எவ்வாறு ஆடப்பட்டது? விடை எளிது: அச்சு நூல். இதன் அருமையை உணர, தொழில்முறைக் கம்பெனிகளின் வழக்கத்தை அறிதல் வேண்டும். கம்பெனியார் நாடகத்தைக் கையெழுத்துப் பிரதியாக வைத்துப் பூட்டிக் காப்பர். பிறன் கையிற் சிக்கினால் மறுவாரமே அடுத்த ஊரில் அந்நாடகம் ஏறிவிடும் என்ற அச்சம். மறைத்து வைத்தலே அவர்களுக்குக் காப்பு. முதலியார் அந்தப் பூட்டை உடைத்தார். தம் நாடகங்களை அச்சிட்டு யாவரும் வாங்கிப் படிக்குமாறு விற்றார். படிக்கத் தடை இல்லை. மேடை ஏற்றுவதற்கு மட்டும் ஒரு சொல் கேட்க வேண்டும். மறைவினால் வரும் காப்புக்குப் பதிலாக அனுமதியினால் வரும் காப்பை அவர் நாடினார் என்று யான் கருதுகிறேன். சட்டமும் அவருக்குத் துணைநின்றது. 1911இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய பதிப்புரிமைச் சட்டம், நூலை அச்சிடும் உரிமையோடு அதனை மேடையில் நிகழ்த்தும் உரிமையையும் ஆசிரியருக்கே உரியதாக்கியது. இந்தியாவில் 1914இல் அதன் வழிவந்த சட்டம் பிறந்தது. இலங்கையில் அந்தப் பிரித்தானியச் சட்டமே 1979 வரை நின்றது. வழக்கறிஞராகிய முதலியாருக்கு இவை கைவந்த செய்திகள்.

இப்பழங்கதை இன்று எதற்கு எனலாம். என்னிடம் முன்பு தமிழ் பயின்ற கொட்டாஞ்சேனை இளைஞர் சிலர் ஓய்வு நேரத்தில் ஓர் ஆட்டத்தை உருவாக்கி வருகின்றனர். மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரும் ஒரு வேடத்தை ஏற்பர். ஒருவர் கதையை நடத்துவார். ஏற்ற வேடத்துக்குத் தக்கபடி மற்றையோர் பேசுவர். ஐயம் எழுந்த இடத்திற் பகடை தீர்ப்புச் சொல்லும். இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியாகிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் ஆட்டப் பிரியர் இருவர். தமிழில் ஆட்டம் என்னும் ஒரே சொல் நாடகத்தையும் விளையாட்டையும் குறிக்கும் பெருமையை அவ்விளைஞரைக் கண்ட பின்னரே யான் நன்கு உணர்ந்தேன். அவர்களுடைய கவலை இது: பிறர் வகுத்த விதிகளைத் தம் ஆட்டத்திற் சேர்க்கலாமா? தாம் வன்னிக் காட்டை வைத்து எழுதிய கதையைப் பிறர் எடுத்துக்கொண்டால் என் செய்வது?

அவர்கள் சொல்லி யான் அறிந்தது: 2000ஆம் ஆண்டு அவ்வாட்டத்தின் உரிமையாளராகிய கம்பெனி, விதிகளின் பெரும்பகுதியைப் பிறரும் எடுத்தாளலாம் என்று பொது அனுமதிப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. அதனை நம்பிச் சிறு ஆக்கியோர் பலர் நூல்கள் செய்தனர். 2023 ஜனவரியில் அந்தப் பத்திரத்தைக் கடுமையாக்க அதே கம்பெனி முற்பட்டபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. முடிவில் கம்பெனி பின்வாங்கி, அடிப்படை விதிநூலை எவரும் பெயர் சுட்டிப் பயன்படுத்தத்தக்க பொது உரிமத்தில் விட்டுவிட்டது. அமெரிக்கச் சட்டப்படி ஆடும் முறைக்குப் பதிப்புரிமை இல்லை. அம்முறையை விளக்கும் சொற்களுக்கும் சித்திரங்களுக்குமே உண்டு. அரிச்சந்திரன் கதை பொது, ‘சந்திரஹரி’யின் உரையாடல் முதலியாருடையது என்பதும் இதே வேறுபாடுதான். அவ்விளைஞர்க்கு யான் கூறியதும் இதுவே: பகடையும் முறையும் பொது, எழுத்து எழுதினவனது. எழுத்தை எடுப்பதாயின் கேட்டு எடுங்கள். உங்கள் எழுத்தைப் பிறர் எந்த நிபந்தனையில் எடுக்கலாம் என்பதை முதற்பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். முதலியார் செய்தது அதுவே.

ஆனால் வசதியுள்ள வழக்கறிஞர், பின்னாளிற் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தவர், ஏழை நடிகர் கம்பெனிகளிடம் கட்டணம் கேட்டது தகுமோ என்று குறை கூறுவோர் உளர். குறையை முற்றாகத் தள்ளிவிட முடியாது. பொழுதுபோக்காக ஆடும் ஊர்ச் சபையும், வயிற்றுப்பாட்டுக்காக ஆடும் கம்பெனியும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. ஆயினும், நாடகம் எழுதுபவனைக் கம்பெனியின் ஏவலாளனாக எண்ணிய உலகில், எழுதினவனுக்கும் ஒரு நாற்காலி உண்டு என்று நிலைநாட்டியவர் அவர். வறிய எழுத்தாளன் ஒருவன் அன்று உரிமை கேட்டிருந்தால் துரத்தியிருப்பர். செல்வாக்குள்ளவர் கேட்டமையாலேயே வழி திறந்தது என்பது என் துணிபு.

மற்றொரு சிக்கலும் இருந்தது. அனுமதி பெற்றவர் நாடகத்தை எவ்வளவு மாற்றலாம்? 1936இல் ‘மனோகரா’ திரைப்படமானபோது முதலியாரே புருஷோத்தமனாக நடித்தார். 1954இல் மீண்டும் படமாயிற்று. எல். வி. பிரசாத் இயக்க, மு. கருணாநிதி உரையாடல் எழுத, சிவாஜி கணேசன் மனோகரனாகத் தோன்றினார். கதையும் பெயர்களும் முதலியாருடையன. மக்கள் மனப்பாடம் செய்த சொற்களோ வேறொருவருடையன. ஒரு படைப்பின் உயிர் கதையிலா, சொல்லிலா என்று வினவினால் இப்படத்தை வைத்து இருபக்கமும் வாதாடலாம். யான் கதையின் பக்கம் நிற்பேன். சங்கிலியை அறுக்கத் தாயின் அனுமதி வேண்டும் என்று நினைத்த மூளையே அங்கு முதல். என் மாணவர் பலர் இதனை ஒப்பார்.

முதுமையிற் சிறப்புக்கள் வந்தன. 1959இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. சங்கீத நாடக அகாதெமியின் பரிசும் அவ்வாண்டே கிட்டியது. ‘நாடக மேடை நினைவுகள்’ என ஆறு பகுதிகளாக அவர் எழுதிய தன்வரலாறு தமிழ் நாடக வரலாற்றுக்கே மூலநூல். 1964ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் முதலியார் மறைந்தார்.

தமிழ்நாட்டு அரசு பின்னர் அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிற்று. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் என்னும் இந்தியச் சட்டக் கணக்கும் 2024இன் இறுதியில் நிறைவெய்திவிட்டது. அவருடைய நாடகங்கள் பல இன்று இணையத்தில் விக்கிமூலத்திற் கிடைக்கின்றன. பள்ளி நாடகத்துக்கு எதனை எடுப்பது என்று வினவும் ஆசிரியர்களுக்கு யான் ‘சபாபதி’யைக் காட்டுவது வழக்கம். எசமானனும் வேலைக்காரனும் ஒரே பெயர் தாங்கிச் செய்யும் குழப்பங்கள் சிறுவரை இன்றும் சிரிக்க வைக்கும். வேடங்கள் சில, மேடைப் பொருள்களோ வீட்டில் உள்ளவையே. பழைய வடசொற்கள் சில மாணவர் நாவிற் புரளா. அவற்றை மாற்றிக்கொள்ளலாம், சுவரொட்டியில் ஆசிரியர் பெயரை மட்டும் விடாது போடவேண்டும்.