சிரியாத முகம்: பஸ்டர் கீட்டன் சரிதம்

ஆண்மையென்னுஞ் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் அகன்ற மார்பும் உரத்த குரலுமே நம்மிற் பலருக்கு நினைவிற்கு வரும். அமெரிக்கப் பேசாப்படங்களின் காலத்தில், அவ்விரண்டுமில்லாத ஒரு சிற்றுருவத்தைக் கதாநாயகனாக்கி உலகைச் சிரிக்கவைத்தவர் பஸ்டர் கீட்டன்.

இவர் 1895-ம் வருடம் அக்டோபர் மாதம் 4-ந் தேதி கான்ஸாஸ் மாகாணத்துப் பிக்குவா என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் ஊரூராய்ச் சென்று வேடிக்கை நாடகமாடிப் பிழைத்தவர்கள்; பிள்ளையும் ஐந்து வயதளவிலேயே மேடையேறிற்று. அடங்காத மகனைத் தகப்பனார் ஜோ கீட்டன் தூக்கியெறிந்து தண்டிப்பதே அவர்களுடைய ஆட்டம். எறிவதற்கு வசதியாகச் சிறுவன் சட்டையின் முதுகிற் பெட்டிக் கைப்பிடியொன்று தைக்கப்பட்டிருந்ததாம். குழந்தைகளைக் கொடுமையினின்று காக்குஞ் சங்கத்தார் அடிக்கடி வந்து விசாரித்தனர். விழுந்த பிள்ளை சிரித்தாற் சபையோர் சிரிப்பதில்லை. முகம் அசையாதிருந்தாலோ கொட்டகை அதிரும். பின்னாளிற் புகழ்பெற்ற அந்தக் கல்முகம் இவ்வாறே உண்டாயிற்று. தகப்பனார் குடிக்கு அடிமையாகவே, 1917-ல் அக்குடும்ப ஆட்டம் கலைந்தது.

அவ்வருடமே ராஸ்கோ ஆர்பக்கிள் என்னும் நகைச்சுவை நடிகரின் படங்களிற் சேர்ந்த கீட்டன், 1918-ல் யுத்தசேவைக்காகப் பிரான்ஸ் சென்று செவிப்புலன் குன்றித் திரும்பினார். 1920 முதல் தம் சொந்தப் படங்களை எடுக்கலானார்.

1926-ல் வெளிவந்த தி ஜெனரல் என்னும் படத்தின் நாயகன் ஒரு ரயில் எஞ்ஜின் டிரைவர். பட்டாளத்தில் அவனைச் சேர்க்க மறுக்கின்றனர். எஞ்ஜின் ஓட்டுவதே யுத்தத்திற்கு அதிக உபயோகமென்பது காரணம். அதை அவனிடம் ஒருவருஞ் சொல்வதில்லை. காதலியோ, சீருடையில்லாதவனைக் கோழையென்று வெறுக்கிறாள். பகைவர் அவன் எஞ்ஜினைக் களவாடியபொழுது, அவன் வீரம் பேசவில்லை, பின்தொடர்ந்து ஓடுகிறான்.

1928-ல் வந்த ஸ்டீம்போட் பில் ஜூனியர் இன்னும் நெருங்கிய விஷயம். ஆற்றுக் கப்பலோட்டும் முரட்டுத் தகப்பன், நெடுநாட் காணாத மகன் தன்னைப்போன்ற பீமசேனனாய் வருவானென்று காத்திருக்கிறான். வந்திறங்குவதோ அரும்பு மீசையும் சிறு தொப்பியும் யூகுலேலி வாத்தியமுமாக ஒரு மெல்லிய வாலிபன். அவமானத்தால் தகப்பன் அவனை நாவிதனிடம் இழுத்துச்சென்று மீசையை எடுப்பித்து, தொப்பியையும் மாற்றுகிறான். பின்பு சூறாவளியில் வீட்டின் முகப்புச் சுவர் முழுவதும் மகன்மேற் சாய்கிறது. ஜன்னற்றுவாரம் அவன் நின்ற இடத்தில் விழுந்ததாற் பிழைக்கிறான். அச்சுவர் மெய்யான பாரமுள்ளது. இடைவெளி சில அங்குலமே. இறுதியில் வெள்ளத்தில் மூழ்கவிருந்த தகப்பனைக் கப்பலைச் செலுத்தி மீட்பவன் அந்த மெல்லியனே.

பெண்டிரை இவர் சித்திரித்த வகை எனக்கு முழுதும் உவப்பன்று. 1925-ல் வந்த ஸெவன் சான்ஸஸ் படத்திற் பணத்திற்காசைப்பட்ட மணப்பெண்கள் கூட்டங்கூட்டமாய் நாயகனைத் துரத்துகின்றனர், அச்சிரிப்பு மலிவானது. ஆயினும் 1924-ல் வந்த தி நாவிகேட்டரிற் காதலி அவனையே தெப்பமாக்கித் துடுப்புப் போடுவது வேறு தரம்.

1928-ல் பெருங்கம்பெனியொன்றிற் சேர்ந்து சுதந்திரமிழந்தார். தகப்பனாரை அழித்த குடியே இவரையும் பற்றியது. 1932-ல் மனைவி விவாகரத்துப் பெற்று, இரு புதல்வருக்கும் கீட்டன் என்ற பெயரை நீக்கித் தம் குடும்பப்பெயரை இட்டார். 1940-ல் எலினார் நோரிஸை மணந்தபின்னரே வாழ்வு நிலைப்பட்டது. இளமையிற் தம்மைத் தூக்கியெறிந்த தகப்பனாருக்கோ, கைநிறைந்த காலத்தில் தம் படங்களில் வேஷங்கள் கொடுத்து வந்தார்.

1966-ம் வருடம் பிப்ரவரி மாதம் 1-ந் தேதி காலமானார். அவ்வருடம் பின்னர் வெளியான ரோமாபுரி வேடிக்கைப் படமொன்றில், கொள்ளைக்காரர் கவர்ந்த பிள்ளைகளைத் தேடியலையும் கிழத் தகப்பனாக நடித்திருந்தார்.