பேச்சாசான் பெல்

டெலிபோனைக் கண்டவரென உலகம் போற்றும் அலெக்சாந்தர் கிரகாம் பெல், தம்மைக் காது கேளாதாரின் ஆசிரியர் என்றே கருதி வந்தார். 1847-ம் ஆண்டு ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் பிறந்த அவருக்குப் பாட்டனாரும் தந்தையாரும் பேச்சுக்கலை ஆசான்கள். தாயாரோ செவிப்புலன் குன்றியவர். அன்னையின் நெற்றியருகே தாழ்ந்த குரலிற் பேசியும், விரலெழுத்தாற் செய்தி உணர்த்தியும் வந்ததே அவர் பெற்ற முதற் பாடம். பின்னர், நாவும் இதழும் நிற்கும் நிலையைக் குறிகளாற் காட்டும் தந்தையாரின் எழுத்துமுறையைப் பயின்றார். சகோதரர் இருவரையும் காசநோய் கொண்டுபோக, 1870-ல் பெற்றோருடன் கானடா சென்றார். 1871-ல் பாஸ்டன் நகரிற் காது கேளாதார்க்குப் போதிக்கலானார். 1873-ல் அந்நகர்ச் சர்வகலாசாலையிற் குரலுறுப்பியற் பேராசிரியரானார். டெலிபோனுக்கு உரிமைச் சாசனம் கிடைத்தது அதன் பின்னரே, 1876-ல். 1922-ல் அவர் காலமானார்.

ஆயினும், பள்ளிகளிற் சைகைமொழியை விலக்கி வாய்ப்பேச்சையே அவர் வற்புறுத்தியது காது கேளாதார் பலரை வருத்தியது. சைகையும் முழுமையானதொரு மொழியே என்பது இன்று தெளிவு. திண்டுக்கல்லினின்று மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் கழகம் போன்றவற்றிற் பேச்சுச் சிகிச்சை மேற்பட்டம் நாடும் மாணாக்கர், நுழைவுத் தேர்வுக்கு நூல்களைப் பயில்வதோடு, எதிரிலிருப்பவர் உணர்த்துவதை அவர் வழியிலேயே உணரவும் பழகுக. அன்னையிடம் பெல் கற்றதும், பின்னர் மறந்ததும் அதுவே.