ஒளிக்கு உருவம் தந்தவர்: டென்னிஸ் காபர்

வங்கி அட்டையின் ஓரத்தில் மின்னும் சிறுபடத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அட்டையைச் சாய்த்தால் அப்படமும் மாறித் தோன்றும். அதற்கு ஹோலோகிராம் என்று பெயர். இந்நுட்பத்தைக் கண்டறிந்தவர் டென்னிஸ் காபர்.

காபர் 1900ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். இளமையிலேயே உடன்பிறந்தாருடன் சேர்ந்து வீட்டில் ஆய்வுக்கூடம் அமைத்தார். பின்னர்ப் பெர்லினில் பயின்று முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே பணியாற்றினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதக் குடும்பத்தில் பிறந்த காபர் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1934இல் இங்கிலாந்து சென்று, ரக்பி நகரில் பணியில் அமர்ந்தார். போர்க்காலத்தில் அயல்நாட்டவர் என்பதால் மறைவான ஆய்வுகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எனினும் அவர் மனம் தளரவில்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படங்களைத் தெளிவாக்கும் வழியை அவர் தேடினார். 1947இல் அவருக்குப் புதிய எண்ணம் ஒன்று பிறந்தது. குளத்தில் இரு கற்களை எறிந்தால் அலைகள் ஒன்றோடொன்று கலந்து கோலமிடும். அதுபோலப் பொருளிலிருந்து வரும் ஒளியும் நேரே வரும் ஒளியும் ஒரு தகட்டில் கலந்தால் நுண்ணிய கோடுகள் பதியும். அத்தகட்டில் மீண்டும் ஒளியைச் செலுத்தினால், பொருள் இல்லாமலே அதன் உருவம் தோன்றும்.

ஆயினும் அதற்கேற்ற சீரான ஒளி அன்று இல்லை. பாதரச விளக்கைக் கொண்டு அவர் எடுத்த படங்கள் மங்கலாகவே இருந்தன. 1960இல் லேசர் பிறந்த பின்னரே அவருடைய எண்ணம் முழுவடிவம் பெற்றது. 1971இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டனில் காபர் மறைந்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே, பொருளே இல்லாமல் கணக்கிட்டு ஹோலோகிராமை உருவாக்கக் கணினி கற்றுக்கொண்டது. ஆனால் அக்கணக்கு மிகப் பெரிது. 10,000 புள்ளிகள் கொண்ட உருவத்தை 20 இலட்சம் படப்புள்ளிகளில் பதிக்க, 2,000 கோடி முறை கணக்கிட வேண்டும். அசையும் படத்திற்கோ நொடிதோறும் பலமுறை இவ்வாறு செய்ய வேண்டும்.

இதற்கு இணைக்கணிப்பு கைகொடுத்தது. ஒரு படப்புள்ளியின் கணக்கு மற்றொன்றின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே நாற்பது கணக்குகளை நாற்பது மாணவர் ஆளுக்கொன்றாகச் செய்வதுபோல, வரைகலைச் செயலியின் ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகள் ஒரே வேளையில் கணக்கிடுகின்றன. ஜப்பானின் சீபா பல்கலைக்கழக அறிஞர்கள் இதற்கெனவே ‘ஹார்ன்’ என்னும் தனிக்கணினிகளை அமைத்தனர்.

பிறந்த மண்ணை விட்டு வந்த ஒருவர் விதைத்த எண்ணத்தை இன்று பல நாட்டினர் சேர்ந்து வளர்க்கின்றனர்.

சொற்பொருள்
நுண்ணோக்கி – கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
இணைக்கணிப்பு – ஒரு கணக்கைப் பகுத்துப் பல செயலிகள் ஒரே வேளையில் செய்தல்

வினாக்கள்
1. காபர் ஜெர்மனியை விட்டு வெளியேறியது ஏன்?
2. அவருடைய முதற்படங்கள் மங்கலாக இருந்ததற்குக் காரணம் யாது?
3. ஹோலோகிராம் கணக்கைப் பலருக்குப் பகுத்தளிக்க முடிவது எவ்வாறு?