தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

பிழைப்பை நாடியோ உத்தியோகத்தின் பொருட்டோ பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நாட்டிலே குடியமர்ந்து வாழும் நம்மனோர்க்கு, நமக்கு முன்னரே அவ்வாறு சென்று வாழ்ந்து புகழ் பெற்ற தமிழரின் வரலாறு நல்லதொரு துணையாகும். அத்தகைய பெரியார் ஒருவரைப் பற்றி நமது ஆண்டு விழா மலரில் சில சொற்கள் எழுத விரும்புகிறேன்.

காசிப்பேட்டையிலிருந்து விஜயவாடாவுக்குச் செல்லும் இருப்புப் பாதையில் தோர்ணக்கல் என்றொரு சந்திப்பு நிலையம் உண்டு. நிஜாம் ஆட்சிக் காலத்தில் சிங்கரேணி நிலக்கரியை ஏற்றி வரும்பொருட்டு எல்லந்துவுக்குக் கிளைப்பாதை பிரிந்த இடம் அது. இன்று தெலங்கானா மாநிலத்து மகபூபாபாத் மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து தில்லிக்குப் பயணம் செய்யும் நம்மவர் பலர், அந்நிலையத்தைப் பெயர்ப் பலகை தவிர வேறொன்றும் அறியாமலே கடந்திருப்பர். ஆனால் அவ்வூரில் ஒரு தமிழர் 35 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, ஊராரால் ஒதுக்கப்பட்டுக் கிடந்த ஏழை மக்களை ஒரே சபையாகக் கூட்டி அமர்த்தி, அவ்வூரின் பெயரை உலகம் அறியச் செய்தார். அவரே வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலத் திருச்சபையில் அத்தியட்சர் பதவி பெற்ற முதல் இந்தியர் அவர்.

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிலே வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. பனைமரங்களும் மணற்பாங்கான நிலமும் நிறைந்த பகுதி அது. தந்தையார் தாமஸ் வேதநாயகம், இளமையிலே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவி, பின்னர்க் குருவானவராகக் கிராமத்திலே பணி புரிந்தவர். தாயார் எல்லன் அம்மையார் நெடுநாள் ஆண் மகவு வேண்டித் தவமிருந்து பெற்ற பிள்ளை ஆதலின், வேதாகமத்து அன்னாளின் மகனை நினைந்து சாமுவேல் என்று பெயரிட்டார். 1889ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அதன்பின் மகனைக் கண்டிப்புடனும் பக்தியுடனும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு தாயாரையே சார்ந்தது.

மெஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளியில் பயிலும்போதே, மாணவரிடையே நிலவிய சாதி வேற்றுமையை ஒழிப்பதற்காகத் தோழர்களுடன் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார் அசரியா. ஒரே கடவுளைத் தொழுவோர் ஒரே பந்தியில் உண்ணக் கூசுவது அவருடைய இளம் உள்ளத்திற்குப் பொருந்தவில்லை. பின்னாளில் தோர்ணக்கலில் அவர் செய்த பெரும்பணிக்கு வித்து இப்பள்ளிப் பருவத்திலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

திருநெல்வேலியில் படிப்பை முடித்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே சேர்ந்து கணிதம் பயின்றார். ஆயினும் தேர்வுக் காலத்தில் நோய்வாய்ப்பட்டமையால் பி.ஏ. பட்டம் பெறவில்லை. பட்டமின்றி வெளியேறிய அம்மாணவருக்கே 1920ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. ஒரு தேர்வு தவறியதால் வாழ்வே தவறிவிட்டதாகக் கலங்கும் இக்காலத்து இளைஞரும் அவர்தம் பெற்றோரும் இதனை மனத்திற் கொள்வது நன்று.

1895ஆம் ஆண்டு முதல் ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் காரியதரிசியாய்த் தென்னாடு முழுவதும் சுற்றி உழைத்தார். 1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிக் கல்வி பெற்ற முதற்சிலரில் அவ்வம்மையாரும் ஒருவர். வரதட்சிணையும் வீண் செலவும் இன்றி அத்திருமணம் எளிமையாக நடந்தது. நான்கு ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் அவர்களுக்குப் பிறந்தனர்.

1902ஆம் ஆண்டில் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டே வெளியூர்களுக்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். திருநெல்வேலிச் சபைகளோ எண்ணிக்கையிற் பெரியவை. எனினும் பிறர் அனுப்பிய பணத்தையும் ஆட்களையும் பெற்றுக்கொள்வதே அவற்றின் வழக்கமாயிருந்தது. பெற்றுக்கொண்டே இருக்கும் சபை வளராது, கொடுக்கும் சபையே வளரும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. அதன் பயனாக 1903ஆம் ஆண்டில் இந்திய மிஷனெரிச் சங்கம் திருநெல்வேலியில் தோன்றியது. இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் நோக்கம். நிஜாம் நாட்டில் மானுகோட்டையைச் சார்ந்த தெலுங்குப் பகுதியே சங்கத்தின் பணிக்களமாயிற்று. 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்துச் சீராம்பூரில் தேசிய மிஷனெரிச் சங்கமும் நிறுவப்பட்டது. அதற்கும் அவர் செயலாளராய் விளங்கினார்.

இவ்வளவில் நின்றிருப்பின், மேடைகளிலே புகழ்பெற்ற பேச்சாளர் என்ற அளவில் அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் பிறரைப் போகுமாறு ஏவிவிட்டுத் தாம் வசதியான பதவியில் இருந்து வருவது அவர் மனச்சான்றை உறுத்தியது. ஆதலின் 1909ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து, குருப்பட்டம் ஏற்று, குடும்பத்துடன் தோர்ணக்கலில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. தமிழிலும் ஆங்கிலத்திலும் நாவன்மை படைத்த அவர், தெலுங்கைச் சிறு பிள்ளை போல அகரம் முதற்கொண்டு கற்கத் தொடங்கினார். வேற்றூரில் வாழ வந்தவர் அவ்வூர் மொழியைக் கற்பது அவ்வூராருக்குச் செய்யும் முதல் மரியாதை அன்றோ?

அவரிடம் வந்து சேர்ந்தோர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் இரு வகுப்பினர். சொந்த நிலமின்றி, கடன்பட்டு, பண்ணையாட்களாய் உழைத்தவர்கள். ஊருக்குப் புறம்பே குடிசைகளில் வாழ்ந்தவர்கள். பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் கோயிலுக்குள் நுழையவும் அனுமதி இல்லாதவர்கள். இதனினும் வருந்தத்தக்கது, தாழ்த்தப்பட்ட அவ்விரு வகுப்பாரும் தமக்குள் உயர்வு தாழ்வு பாராட்டி, ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ணாமல் விலகி வாழ்ந்ததே ஆகும். இவர்களை ஒரே பாயில் அமர்த்துவதே அசரியாவின் முன் நின்ற கடினமான வேலை.

1910ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அங்கே பேசுமாறு அழைக்கப்பட்ட அசரியா, வெள்ளையர் பலரும் எதிர்பாராத ஒன்றைப் பணிவோடும் துணிவோடும் எடுத்துரைத்தார். மேனாட்டு ஊழியர் இந்தியாவுக்குச் செய்த தியாகங்களுக்கு நன்றி கூறிய பின், அவர்களுள் பலர் தம் இந்திய உடன் ஊழியரை வீட்டுக்கு அழைப்பதுமில்லை, உடனிருந்து உண்பதுமில்லை என்ற குறையைச் சபையறியக் கூறினார். பொருளுதவியினும் மேலாக இந்தியர் வேண்டுவது உண்மை நட்பே என்று முடித்தார். கேட்டோரிற் சிலர் சினந்தனர், சிலர் தலைகுனிந்தனர். அம்மாநாட்டில் நிகழ்ந்த பேச்சுகளுள் இன்றளவும் நினைக்கப்படுவது அதுவே. பந்தியிலே தொடங்காத சமத்துவம் பீடத்திலே நிலைக்காது என்பதை மெஞ்ஞானபுரத்து மாணவராய் உணர்ந்தவர், உலக அரங்கிலும் அதனையே உரைத்தார்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29ஆம் நாள், கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். வெள்ளையரின் ஆட்சி நடந்த அந்நாளில், ஆங்கிலேயக் குருமாரும் ஓர் இந்தியரின் கீழ்ப் பணிபுரிவது என்பது எளிதில் ஏற்கப்பட்ட செய்தி அன்று. வெள்ளையர் பலர் ஐயுற்றனர். நம் தமிழ்க் கிறிஸ்தவருள்ளும் சாதி காரணமாக எதிர்ப்புக் குரல் எழுந்தது. இரண்டுக்கும் அவர் அளித்த விடை அவருடைய உழைப்பே. சிறியதாய்த் தொடங்கிய அவருடைய திருமண்டலம், பின்னர்க் கிருஷ்ணா, கோதாவரி மாவட்டப் பகுதிகளும் சேர்ந்து விரிவடைந்தது. 1935ஆம் ஆண்டளவில் சுமார் 250 இந்தியக் குருமாரும் 2,000க்கு மேற்பட்ட கிராம உபாத்தியாயர்களும் அங்கே பணி புரிந்தனர். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாய்ச் சென்று சபைகளைக் கண்டு வந்தார் அத்தியட்சர்.

அச்சபைகளின் வாழ்க்கை முறையைச் சிறிது காண்போம். பகலெல்லாம் வயலில் உழைத்தோர் மாலையிலே கூடுவர். எழுத்தறியாதோர் ஆதலின் வேதக் கதைகளையும் செபங்களையும் தெலுங்குப் பாட்டாகப் பாடி மனனம் செய்வர். மேளமும் தாளமும் நாட்டுக் கூத்தும் கதாகாலட்சேபமும் வழிபாட்டிலே இடம் பெற்றன. அறுவடைக் காலத்தில் நெல்லும் காய்கறியும் கோழியும் காணிக்கையாய் வரும். அன்றாடம் உலையிடும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்துச் சபைக்கு அளிப்பர். வறியவரிடம் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அத்தியட்சரின் கருத்து தெளிவானது: கொடுக்கும் கை உடையவன் தன்னை இழிந்தவனாக எண்ண மாட்டான். ஆண்டுதோறும் சாட்சி வாரம் என்று ஒரு வாரம் நடைபெறும். அப்போது ஞானஸ்நானம் பெற்றோர் ஒவ்வொருவரும் தம் தலைமேற் கை வைத்து, தாம் பெற்ற நற்செய்தியைப் பிறர்க்கு உரைப்பது தம் கடமை என உறுதி கூறுவர்.

அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் தோர்ணக்கலின் நான்கு பேய்கள் என்று கருதி அவற்றோடு போரிட்டார் அசரியா. வைத்திய சாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகமும் பள்ளிகளும் இதன் பொருட்டே எழுந்தன. அன்பு அம்மையார் பெண்களிடையே செய்த பணி தனியே எழுதத்தக்க பெருமையுடையது. விடுதிகளில் மாலப் பிள்ளையும் மாதிகப் பிள்ளையும் ஒரே பந்தியில் உண்டனர். நற்கருணையிலே எல்லாரும் ஒரே கிண்ணத்தினின்று பருகினர். குடியை விட்டு, உடல் தூய்மை பேணி, நிமிர்ந்து நடக்கத் தலைப்பட்ட இவ்வேழைகளைக் கண்டு, மேல் வகுப்பைச் சேர்ந்த தெலுங்கர் பலரும் அதே சபையில் வந்து சேர்ந்தனர்.

எல்லாம் இனிதே முடிந்ததென்று சொல்லுவதற்கில்லை. திருமண உறவிலும் பதவிகளிலும் சாதிப் பூசல்கள் மீண்டும் மீண்டும் தலைகாட்டின. அத்தியட்சருடைய வாழ்நாளிலேயே அவை முற்றிலும் நீங்கிவிடவில்லை. எனினும் சாதியின் பெயரால் சபையைப் பிரித்துத் தரும் எளிய வழியை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. மத மாற்றம் குறித்துக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் ஆழ்ந்த கருத்து வேற்றுமை இருந்தது உண்மை. ஆயினும் கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அசரியா எதிர்த்தார். நாட்டு மக்களினின்று பிரிந்து நிற்கும் சமூகம் நாட்டுக்குத் தொண்டு செய்ய இயலாது என்பது அவர் கொள்கை.

அவர் எழுப்பிய தோர்ணக்கல் பேராலயம் இக்கொள்கைக்குக் கல்லாலான சான்று. இருபத்தைந்து ஆண்டு அளவில் சிறிது சிறிதாக எழும்பி, 1939ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மசூதியை நினைவூட்டும் குவிமாடமும் ஸ்தூபிகளும், கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்களும் அங்கே ஒருங்கே காணப்படும். அயல்நாட்டுக் கட்டடம் என்று யாரும் அதனைக் கூற இயலாது.

திருச்சபைகளுக்கிடையே இருந்த பிரிவினையும் அவரை வருத்தியது. 1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடி, தென்னிந்தியச் சபைகள் ஒன்றுபட வேண்டுமென அறிக்கை விடுத்தனர். அதில் முன்னின்றோருள் அசரியாவும் ஒருவர். கால் நூற்றாண்டு இடைவிடாது அதற்காக உழைத்தும், அதன் நிறைவைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1945ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தோர்ணக்கலில் அவர் ஆவி பிரிந்தது. தாம் தேர்ந்துகொண்ட அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபோது, அவர் விதைத்த விதை முளைத்தது.

நம் காலனியில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எனப் பல சமயத்தாரும் வாழ்கின்றோம். சமயம் எதுவாயினும் அசரியாவின் வாழ்வில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு. தமிழர் ஒருவர் வெளிநாடு சென்று தமிழருக்கு மட்டுமே சங்கம் அமைப்பது அரிதன்று. சென்ற இடத்து மொழியைக் கற்று, அங்கே யாரும் அழைக்காத மனிதரைத் தேடி அழைத்து, அவரோடு உண்டு, அவரைத் தம்மவர் ஆக்குவதே அரிது. மாற்றல் உத்தரவின் பேரில் புதிதாய் ஒரு குடும்பம் நம் குடியிருப்பில் வந்து இறங்குமானால், அவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மொழி என்று வினவுமுன், அன்றிரவு அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று வினவுவோமாக. வாசலிலே கடைசியாய்த் தயங்கி நிற்பவருக்கு உள்ளே ஓர் இடம் கிடைப்பதே ஒரு சபைக்கும் சங்கத்திற்கும் அழகு. அவ்வழகை வேற்று நாட்டிலே வாழ்ந்து காட்டிய அப்பெரியாரின் நினைவு வாழ்க!