செங்கல் இடைவெளியில் ஒளியைக் குடியேற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்

திருவனந்தபுரம்: வீடு என்பது பிறர் பார்த்து வியப்பதற்கன்று, அதில் வாழ்வோரின் தேவைக்கே என்னும் கொள்கையைத் தம் வாழ்நாள் பணியால் நிலைநாட்டியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த அவர், குறைந்த செலவில் வெளிச்சமும் காற்றோட்டமும் நிறைந்த இல்லங்களையும் பணியிடங்களையும் கேரளம் முழுவதும் உருவாக்கினார்.

1917-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி பர்மிங்காம் நகரில் பிறந்த பேக்கர், அங்கேயே கட்டடக் கலை பயின்று 1937-இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது, குவேக்கர் சமயத்தினரின் மருத்துவ உதவிக் குழுவில் இணைந்து சீனாவில் பணியாற்றினார். தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காக மும்பையில் காத்திருந்த நாள்களில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டைக் கட்டத் தேவையான பொருள்கள் அனைத்தும் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

1945-இல் தொழுநோய் ஒழிப்புப் பணிக்காக அவர் மீண்டும் இந்தியா வந்தார். நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த பழைய விடுதிகளைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளாக மாற்றுவதே அவருக்குத் தரப்பட்ட பொறுப்பு. 1948-இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இமயமலைப் பகுதியான பித்தோராகரில் இருவரும் நீண்ட காலம் மருத்துவமனை நடத்தினர். கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு மலைவாழ் மக்கள் கட்டிய வீடுகள், கல்லூரி கற்றுத் தராத பாடத்தை அவருக்குக் கற்பித்தன. 1963-இல் கேரளத்துக்குப் பெயர்ந்த அவர்கள், இடுக்கி மலைப்பகுதியில் உள்ள வாகமனில் மருத்துவப் பணியைத் தொடர்ந்தனர். 1970-ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தில் குடியேறினர்.

தேவையே வரைபடம்

வீடு கட்ட விரும்புவோரின் குடும்பம், வருமானம், அன்றாடப் பழக்கம் ஆகியவற்றை அறிந்த பின்னரே பேக்கர் திட்டம் வரைவார். மனையின் சரிவையும் மரங்களையும் அழிக்காமல் அவற்றுக்கு ஏற்பச் சுவர்களை வளைப்பார். கொத்தனார்களுடன் களத்தில் நின்று, தேவைப்பட்டால் அங்கேயே திட்டத்தை மாற்றுவார்.

அவர் கையாண்ட முறைகள் எளியவை. செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டில், ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். அந்த வெற்றிடமே வெயிலின் வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே என்பதால், அங்குள்ள கான்கிரீட்டில் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். விலை மிகுந்த மரச் சன்னல்கள் இருக்க வேண்டிய பல இடங்களில் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலிச் சுவர்களை அமைத்தார். அவை கண் கூசாத வெளிச்சத்தையும் இடையறாத காற்றையும் உள்ளே விட்டன, பாதுகாப்பும் அளித்தன.

1970-களில் உருவான திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் இம்முறைகளுக்குச் சான்றாக விளங்குகிறது. பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ், அன்றைய முதலமைச்சர் சி.அச்சுத மேனன் ஆகியோரின் ஆதரவுடன் அப்பணி நடந்தது. தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ் கட்டடத்தில் சுழன்று ஏறும் சாய்தளமே உணவுக்கூடமானது. ஜாலிச் சுவரின் ஓரமாக மேசைகளும் இருக்கைகளும் கட்டடத்துடன் சேர்த்தே அமைக்கப்பட்டன. பூந்துறை மீனவர் குடியிருப்பிலோ, வீடுகளை ஒரே நேர்வரிசையில் நிறுத்தாமல் முன்பின்னாக அமைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிடைத்தது. வலை உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் முற்றம் கிடைத்தது.

ஏழைக்கு மட்டுமன்று

பூச்சில்லாத செங்கல் சுவரை வறுமையின் அடையாளமாகக் கருதியோர் பலர். மெல்லிய சுவரும் ஓடு பதித்த கூரையும் நிலைக்குமா என்ற ஐயமும் எழுந்தது. சிக்கனக் கட்டுமானம் ஏழைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. வசதி படைத்தோர் வீணாக்கும் சிமெண்டும் இரும்பும் வீடற்றோருக்குக் கிடைக்காமல் போகும் பொருள்கள் என்பது அவரது வாதம். ஆகவே, செல்வர்க்கும் அதே முறையில் கட்டித் தந்தார். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் அமைந்த அவரது சொந்த இல்லமும் கழித்த பொருள்களைப் பயன்படுத்தியே எழுந்தது.

1985-இல் தொடங்கப்பட்ட காஸ்ட்ஃபோர்டு அமைப்பின் வழியாக அவருடைய முறைகள் இளைய பொறியாளர்களையும் கொத்தனார்களையும் சென்றடைந்தன. 1980-களின் இறுதியில் இந்தியக் குடியுரிமை பெற்ற அவருக்கு, 1990-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி, 90-ஆவது வயதில் திருவனந்தபுரத்தில் காலமானார்.

கோடை வெப்பமும் கட்டுமானச் செலவும் ஆண்டுதோறும் உயர்ந்துவரும் இக்காலத்தில், பேக்கரின் முறைகளைப் பின்பற்றும் வீடுகள் கேரளத்திலும் தமிழகத்திலும் தொடர்ந்து எழுந்து வருகின்றன.