நாடிழந்த நல்லாசான்

வைத்தியர் வில்லியம் ஜேம்ஸ் மக்நெவின் 1763 ஆம் ஆண்டு அயர்லாந்தின் கால்வே மாவட்டத்திற் பிறந்தார். கத்தோலிக்கர்க்குக் கல்விக் கதவைச் சட்டமே அடைத்திருந்த காலம் அது. ஆதலின், இளமையிலேயே ஐரோப்பாவில் வைத்தியராய் விளங்கிய தம் உறவினரிடம் அனுப்பப்பெற்றார். பிராக், வியன்னா நகரங்களிற் கற்றுத் தேறி, 1784 இல் டப்ளினில் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார்.

செல்வமும் புகழும் தரவல்ல அத்தொழிலோடு அவர் அமைந்திலர். நாட்டின் அடிமைநிலை நீங்க வேண்டி ஐக்கிய அயர்லாந்தியர் சங்கத்திற் சேர்ந்தார். 1798 இற் சிறைப்பட்டார். 1802 வரை விடுதலை பெற்றிலர். பின்னர் நெப்போலியனின் படைத்துணைகொண்டு தாயகத்தை மீட்கலாமென நம்பினார். அந்நம்பிக்கையும் பொய்த்தது.

1805 இல் நியூயோர்க் நகரை அடைந்தார். இழந்ததை எண்ணி வாளாவிருந்தாரல்லர். அங்குள்ள வைத்தியக் கல்லூரியில் மகப்பேற்று மருத்துவத்தையும், பின்னர் இரசாயனத்தையும் கற்பித்தார். அணுக்கொள்கையை விளக்கி 1819 இல் நூலொன்று செய்தார். கையிற் பொருளின்றி வந்திறங்கிய தம் நாட்டவர்க்கு வேலை தேடிக் கொடுத்தார். 1841 இல் அந்நகரிலேயே மறைந்தார்.

தாயகத்தின் விடுதலையை அவர் கண்ணாற் கண்டிலர். எனினும், அவர் ஏற்றிவைத்த அறிவு விளக்குகள் பல. சிறையும் கடலும் பறிக்கவொண்ணாத பொருள் கல்வியொன்றே என்பதை மாணவர் சிந்திப்பாராக. அதனைப் பிறர்க்கு ஈந்தாலன்றி அது நிறைவுறாது என்பதை நாமனைவரும் மறவாதிருப்போமாக.